தார் பாலைவனத்தில் எங்கள் கல்யாண ஊர்வலம்

என் கணவர் மலேசியாவில், கிள்ளானுக்குப் பக்கத்து மேருவில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறார். அந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் வண்டிகளில் பாதி அவர் கை பட்டவைதான். ஆனால் எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருடத்துக்கும் மேலாக வண்டி ஓட்டியது நான். அவர் பின்சீட்டில் வருவார். பழுது பார்த்த வண்டியைச் சோதிக்க வேண்டுமானால் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிவிடுவார். பெரிய ரோட்டுக்கு ஏறவே மாட்டார்.

அவருக்கு ஐசி என்கிற அடையாள அட்டை இல்லை. அவ்வளவுதான் காரணம். பந்திங் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில், வீட்டிலேயே பிறந்தவர். பிறப்பைப் பதிவதற்குள் அம்மா இறந்துபோனார். வேலை தேடிப் போன அப்பா திரும்பி வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுத்து வளர்த்தார்கள். சொந்தப் பிள்ளை மாதிரிதான் வளர்த்தார்கள், ஆனால் அவருக்கென்று ஒரு பத்திரம் எடுக்க அவர்களுக்குத் தெரியவில்லை. ஐசி இல்லாதவருக்கு லைசன்ஸ் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, பாஸ்போர்ட் இல்லை. கிள்ளானில் ஒரு சின்னக் கோயிலில் எனக்குத் தாலி கட்டினார். அந்தக் கல்யாணத்தைப் பதிவு செய்யவும் வழியில்லை. சட்டத்தின் கண்ணில் நான் கல்யாணமாகாத பெண். பட்டறை என் பேரில், வீடு என் பேரில்.

"பாஸ், பொண்டாட்டி ஓட்ட நீங்க உக்காந்து வரீங்களா?" என்று பட்டறைக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள்.

"டிரைவர் வச்சிருக்கேன் லா," என்பார் அவர், ஸ்பேனரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. முன்னால் ஒரு வளைவு வந்தால், பின்னால் இருந்து அவர் கை என் தோளை இறுக்கும். வளைவுக்கு அந்தப் பக்கம் போலீஸ் ரோட்பிளாக் இருக்குமோ என்ற பயம். கிள்ளானிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் வளைவும் மேம்பாலமும்தான். மழைக்கு மேம்பாலத்தின் கீழ் ஒதுங்கினால்கூட எந்த வழியாக வெளியேறுவது என்று பார்த்து வைத்துக்கொள்வார். ஒருமுறை காப்பார் சாலையில் நிறுத்தி, ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். நானா என்று நாங்கள் கூப்பிடும் நண்பர் வந்து பேசித்தான் அவரை வெளியே கொண்டுவந்தார்.

நானா கிள்ளானில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர். ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து வந்த குடும்பம். அவர்கள் வீட்டில் அண்ணனை நானா என்பார்கள். எங்களுக்கும் அவர் நானாவாகிவிட்டார். என் கணவர் அவருடைய பழைய டெலிவரி வண்டியைப் பழுது பார்க்கப் போனதில் தொடங்கிய பழக்கம். ஆள் நல்ல பருமன், நிறையப் பேசுவார், பிறர் கஷ்டத்தைக் கேட்டால் உடனே அடுப்பை மூட்டிச் சமைக்கத் தொடங்கிவிடுவார்.

இன்னொருவர் டீச்சர். நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். அங்கே பல் கட்ட வந்தவர்தான் டீச்சர். யாழ்ப்பாணக் குடும்பம். அரசாங்கப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றுத் தனியாக இருந்தார். காத்திருக்கும் நேரத்தில் என்னிடம், "உன்ர மனுசன் என்ன செய்யிறார் பிள்ளை?" என்று கேட்டார். யாரிடமும் சொல்லாததை அவரிடம் ஏனோ சொல்லிவிட்டேன். அவர் பரிதாபப்படவில்லை. "அவரைப் பிரசவம் பார்த்த மனுசி உயிரோட இருக்கிறாவா?" என்றுதான் கேட்டார்.

அந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பித்தது எல்லாம். டீச்சரும் நானும் வார இறுதிகளில் பந்திங்குக்குப் போனோம். மருத்துவச்சியைத் தேடினோம், தோட்டத்துக் கணக்கெழுதிய பழைய கிராணியைத் தேடினோம், அம்மாவைத் தெரிந்தவர்களைத் தேடினோம். விண்ணப்பித்தோம். கிடைக்கவில்லை. மறுபடியும் விண்ணப்பித்தோம். எத்தனையோ வருடம் ஓடியது. என் கணவர் நம்பிக்கையை விட்டுவிட்டார், நானும் ஏறக்குறைய விட்டுவிட்டேன். டீச்சர் மட்டும் விடவில்லை. "நான் ஃபெயிலான பிள்ளையளையே பாஸாக்கி விட்டனான்," என்பார்.

குடியுரிமை கிடைத்த செய்தியை நான் பட்டறைக்குப் போய்ச் சொன்னபோது அவர் ஒரு வண்டியின் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கேட்டார். எழுந்தார். குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினார்.

"எதுக்கு இவ்வளவு தேய்க்கிறீங்க?" என்றேன்.

"ஐசிக்கு ரேகை எடுப்பாங்கல்ல. கிரீஸ் இருந்தா விழாது," என்றார். முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார். தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் போகவில்லை. போனால் நானும் அழுதிருப்பேன், சங்கிலி கழன்ற வண்டிக்காரர், பாவம், பார்த்துக்கொண்டிருந்தார்.

குடிமக்களுக்குத் தரும் நீல ஐசி வந்ததும் முதல் காரியமாகக் கல்யாணத்தைப் பதிவு செய்தோம். டீச்சரும் நானாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டாவது காரியம் லைசன்ஸ். வாழ்நாள் முழுக்க மோட்டார் சைக்கிள்களைப் பிரித்து மாட்டியவர், பதினெட்டு வயசுப் பையன்களோடு வரிசையில் நின்று, குறுகிய பலகை மேல் வண்டி ஓட்டிக் காட்டினார். தேறியதும் வண்டியின் முன்னும் பின்னும் புது ஓட்டுநருக்கான பி ஒட்டினார். நரைத்த தலையும் பி ஸ்டிக்கருமாக அவர் மேருவில் போவதைப் பார்க்கவே தனியாக ஆட்கள் வந்தார்கள். பின்சீட்டு எனக்குப் பழகச் சில நாள் ஆனது. என் கால் தானாகக் கியரைத் தேடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானாவின் கடையில் நால்வரும் உட்கார்ந்திருந்தோம். டீச்சர் பேச்செடுத்தார். "கலியாணம் பதிஞ்சாச்சு. கலியாணச் சாப்பாடு எப்ப?"

"நம்ம கடையிலயே வச்சிக்கலாம்," என்றார் நானா.

என் கணவர் தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "பாலைவனத்துல வச்சிக்கலாமா?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் அவர் போனில் பார்ப்பது எனக்குத் தெரியும். யாரோ இளைஞர்கள் ராஜஸ்தானில் மோட்டாரில் போகிற வீடியோக்கள்.

"அங்க வளைவே இல்ல நானா," என்றார். "நேரா போவுது ரோடு. தூரத்துல யாரு நிக்கிறாங்கன்னு இங்கேருந்தே தெரியும். அந்த மாதிரி ரோட்டுல ஒரு தடவ ஓட்டணும்."

பிறகு நானா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்கு ஒட்டகம் பயம். அது மட்டும் முன்னாடியே சொல்லிடறேன்," என்றார். அப்படித்தான் முடிவானது.

ஆனால் வண்டியிலிருந்து அந்த பி ஸ்டிக்கரைக் கழற்றும் காலம் வந்த பிறகுதான் வெளிநாட்டில் ஓட்டும் அனுமதி கிடைக்கும். காத்திருந்தோம். காத்திருப்பது எங்களுக்குப் புதிதா என்ன? அந்தக் காலம் முடிந்த ஜனவரியில் கிளம்பினோம். நாங்கள் மூவரும் மோட்டாரில், முழங்கால் வலி உள்ள டீச்சர் மூட்டைகளோடு ஜீப்பில் என்று ஏற்பாடு.

விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டை வைத்தால் தானாகத் திறக்கும் கதவு இருக்கிறது. நான் முதலில் போய் அந்தப் பக்கம் நின்றேன். அவர் தன் சிவப்பு பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் பிடித்து வைத்தார். விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு அழுத்தினார். கதவு திறந்தது. அவர் நகரவில்லை.

"வாங்க, மூடிடப் போவுது," என்றேன்.

"திறந்துருச்சு," என்றார், எனக்கு அது தெரியாதது போல.

ஜோத்பூரில் வாடகைக்கு எடுத்தவை இருநூறு சிசி வண்டிகள். எங்கள் லைசன்ஸுக்கு அதுதான் தோது. பெரிய வண்டி கிடைக்கவில்லையே என்று நானா குறைப்பட்டார். என் கணவர் மூன்றையும் ஸ்டார்ட் செய்து, தலையைச் சாய்த்துக் கேட்டு, ஒன்றின் பிரேக் கம்பியை மட்டும் இறுக்கித் தரச் சொன்னார். காலையில் அப்படி ஒரு குளிர். எங்கள் ஊரில் மோட்டார் ஓட்டுகிறவர்கள் காற்றுக்கு ஜாக்கெட்டை முன்பின்னாக மாற்றிப் போடுவோம், பித்தான்கள் முதுகுப் பக்கம் இருக்கும். நாங்கள் மூவரும் பழக்கத்தில் அப்படியே மாட்டிக்கொண்டு நின்றோம். வண்டிக் கடைக்காரர் எங்களைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஜீப் டிரைவரிடம் இந்தியில் ஏதோ கேட்டார். டிரைவர் தோளைக் குலுக்கினார். நானா அதற்கு மேல் கழுத்தில் ஒரு கைலியைச் சுற்றியிருந்தார்.

ஊரைத் தாண்டியதும் கொஞ்ச தூரம் கடுகு வயல்கள். மயில்கள் ரோட்டோரத்தில் கோழி மாதிரி மேய்ந்தன. பிறகு பச்சை மெல்ல விட்டுப்போனது. முள்மரங்கள், கல், மண், நடுநடுவே ஓர் ஆட்டு மந்தை. ரோடு நூல் பிடித்தாற்போல் நேராகக் கிடந்தது. இரண்டு பக்கமும் செம்பனை நெருக்கி நிற்கும் ரோடுகளிலேயே ஓட்டிப் பழகிய எனக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. ஒதுங்க ஒன்றுமில்லை, வானம் அவ்வளவு பெரிதாக இருந்தது. வீட்டில் எங்களுக்கு ஒரே வண்டிதான். முன்னாலும் பின்னாலுமாகத்தான் போயிருக்கிறோம். அன்று அவர் என் பக்கத்தில் வந்தார். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஏதோ சொன்னார். காற்றில் கேட்கவில்லை. "என்ன?" என்று கத்தினேன். மறுபடி சொன்னார். மறுபடியும் கேட்கவில்லை. என்னவோ, அவர் முகம் அத்தனை இளமையாக இருந்தது. நான் தலையை ஆட்டினேன். அவர் வேகமெடுத்து முன்னால் போய், வண்டியை இடமும் வலமுமாக வளைத்து வளைத்து ஓட்டினார். வளைவே இல்லாத ரோட்டில் அவரே வளைவுகளைப் போட்டுக்கொண்டு போனார்.

பொக்ரானுக்கு முன்னால் ஒரு கடையில் மண் குவளையில் இஞ்சி டீ குடித்தோம். நானா ஐந்து குவளை குடித்துவிட்டு, பால் காய்ச்சுகிறவரோடு கை ஜாடையிலேயே தொழில் பேசினார். அதற்குப் பிறகு ரோட்டின் குறுக்கே மணல் ஓடத் தொடங்கியது. காற்று அதை மெல்லிய துணி மாதிரி இழுத்துக்கொண்டு போனது. ஓரிடத்தில் அது கனமாகவே படிந்திருந்தது. நானா பிரேக் பிடித்தார். வண்டி வழுக்கிப் படுத்துவிட்டது. மெதுவாகத்தான் வந்தார் என்பதால் அடியில்லை. நாங்கள் ஓடிப் போனபோது அவர் மணலில் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானா, வலிக்குதா?" என்றார் என் கணவர்.

"இரு தம்பி, நல்லாருக்கு. மெத்தை மாதிரி இருக்கு," என்றார் நானா.

பின்னால் வந்த ஜீப்பிலிருந்து டீச்சர் இறங்கி, இடுப்பில் கை வைத்து நின்று, "எழும்புங்கோ. கலியாண வீட்டுச் சமையல்காரன் இப்பிடிப் படுத்தா எங்கட சாப்பாடு என்னாகிறது?" என்றார். வளைந்திருந்த கிளச் கம்பியை என் கணவர் நிமிர்த்திக் கொடுத்தார். கிளம்பினோம்.

ஜெய்சல்மேர் நெருங்க நெருங்கக் காற்றாலைகள் வந்தன. அவை எங்கள் வலப்பக்கம் சுழன்றுகொண்டே இருந்தன. மணல்மேட்டுக் கூடாரத்தில்தான் விருந்து என்பதால் ஊருக்குள் போகாமல் மேற்கே போகிற ரோட்டில் திரும்பினோம். கொஞ்ச தூரத்தில் அது தெரிந்தது. அவர் சொன்னது சரிதான், வெகு தூரத்திலிருந்தே தெரிந்தது. ரோட்டின் குறுக்கே இரும்புத் தடுப்பு. கொட்டகை. காக்கி உடைகள்.

அந்தப் பக்கம் பாகிஸ்தான் எல்லை. போகிற வருகிறவர்களை நிறுத்திப் பார்ப்பார்கள் என்று டிரைவர் முன்பே சொல்லியிருந்தார். நான் மறந்திருந்தேன். முன்னால் போய்க்கொண்டிருந்த என் கணவரின் வண்டி வேகம் குறைந்தது. பிறகு நின்றது. ரோட்டின் ஓரத்தில் ஒதுக்கி, எஞ்சினை அணைத்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நிறுத்தினேன். அவர் கை இன்னும் பிரேக்கை விடவில்லை.

"என்னங்க?"

"தெரியல. கை தானா பிரேக்க பிடிச்சிருச்சு."

நானாவும் வந்து நின்றார். ஜீப்பும் பின்னால் நின்றது.

"நான் முன்னாடி போறேன்," என்றேன். "நீங்க என் பின்னாடி வாங்க. நான் பேசிக்கிறேன்."

எத்தனை வருடமாகச் செய்தது அது. பேசுவது என் வேலை, பின்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்காருவது அவர் வேலை. அவர் என்னைப் பார்த்தார். ஜாக்கெட்டின் கழுத்து வழியாகக் கையை விட்டு, நெஞ்சுக்கு மேல் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வேணாம் மா," என்றார். "நான் போறேன். நீ பின்னாடி வா."

எஞ்சினை உயிர்ப்பித்தார். மெதுவாக, நேராக, ரோட்டின் நடுவிலேயே போனார். நான் அவருக்குப் பின்னால் போனேன்.

தடுப்புக்கு அருகில் நின்றிருந்த போலீஸ்காரர் கையைக் காட்டினார். ஐம்பது வயதிருக்கும், பெரிய மீசை. "பாஸ்போர்ட்," என்றார். என் கணவர் ஹெல்மெட்டைக் கழற்றிப் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்தார். உறையைத் திறந்து பாஸ்போர்ட்டை நீட்டினார். கேட்கும் முன்பே லைசன்ஸையும் வெளிநாட்டு ஓட்டுநர் அனுமதியையும் நீட்டினார். அதோடு விடாமல் நீல ஐசியையும் எடுத்து நீட்டினார். போலீஸ்காரர் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்? படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். என் கணவர் பார்வையைத் தாழ்த்தவில்லை. ஒரு போலீஸ்காரரின் முகத்தை அவர் நேராகப் பார்த்து நின்றதை அன்றுதான் நான் கண்டேன்.

"மலேசியா," என்றார் போலீஸ்காரர். எங்கே போகிறீர்கள், எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

என் கணவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். யோசித்தார். "வெட்டிங்," என்றார்.

"யாருக்கு?"

அவர் தன் மார்பில் கை வைத்தார். பிறகு திரும்பி என்னைக் காட்டினார்.

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். ஜாக்கெட்டை முன்பின்னாகப் போட்டு, முகமெல்லாம் புழுதியாக, நரை எட்டிப் பார்க்கிற ஒரு பெண். மறுபடி அவரைப் பார்த்தார். மீசைக்குக் கீழ் சிரிப்பு பரவியது. கொட்டகைப் பக்கம் திரும்பி இந்தியில் சத்தமாக ஏதோ சொன்னார். அதில் கல்யாணத்தைச் சொல்லும் 'ஷாதி' என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. உள்ளிருந்து இன்னும் இரண்டு பேர் வெளியே வந்தார்கள். ஒருவர் கையில் கெட்டில். நின்ற இடத்திலேயே எங்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்கள். டீச்சர் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து, முழுக் கதையையும் தன் வகுப்பறை ஆங்கிலத்தில், ஒன்று விடாமல் சொன்னார். மீசைக்காரர் கேட்டுக்கொண்டே நின்றார். முடிந்ததும் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி, நீல ஐசியை மேலே வைத்து, இரண்டு கையாலும் என் கணவரிடம் திருப்பிக் கொடுத்தார். தடுப்பை அவரே தள்ளி ஒதுக்கினார்.

அதைத் தாண்டியதும் என் கணவர் ஹார்னை அழுத்தினார். விடவே இல்லை. நானாவும் அழுத்தினார், நானும் அழுத்தினேன், ஜீப் டிரைவரும் சேர்ந்துகொண்டார். கேட்பதற்கு ஆளில்லாத அந்த ரோட்டில் நாங்கள் அப்படியே சத்தம் போட்டுக்கொண்டு போனோம். ஓர் ஒட்டகம் மட்டும் தலையைத் திருப்பிப் பார்த்தது. நானா அதைக் கவனிக்கவே இல்லை.

கூடாரத்தை அடைந்தபோது வெயில் சாய்ந்து மணல் சிவக்கத் தொடங்கியிருந்தது. நானா கைலிக்கு மாறி, கூடாரத்துச் சமையல்காரரின் அடுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கிள்ளானிலிருந்து மிளகாய் விழுதான சம்பாலும் இறால் பொடியும் மீ என்கிற நூடுல்ஸும் சுமந்து வந்திருந்தார். பெரிய இரும்புச் சட்டியில் மீ கோரேங் கிளறினார். மிளகாய் வாசனை மணல்மேடெல்லாம் பரவியது. அங்கே விருந்தினருக்காகப் பாடிக்கொண்டிருந்த பாட்டுக்காரர்கள் பாட்டை நிறுத்திவிட்டு இருமினார்கள், பிறகு அவர்களும் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். டீச்சர் தன் பையிலிருந்து ஒரு பட்டுச் சேலையை எடுத்து, புழுதியான என் சட்டை மேலேயே சுற்றிவிட்டார். "உங்கட கோயில் கலியாணத்தில நான் இருக்கேல்ல. அதனால இண்டைக்கு," என்றார்.

என் கணவர் சாப்பிடவில்லை. தட்டை வைத்துவிட்டு எழுந்து, வெறுங்காலோடு மணல்மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார். ஓர் அடி ஏறினால் அரை அடி சறுக்கியது. விடாமல் ஏறி உச்சியில் போய் நின்றார்.

"என்ன தெரியுது?" என்று கீழிருந்து கேட்டேன்.

சுற்றிலும் ஒருமுறை முழுதாகத் திரும்பிப் பார்த்தார். "ஒன்னுமே இல்ல," என்றார். "ரொம்ப அழகா இருக்கு. மேல வா."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறத் தொடங்கினேன்.